நெல்லில் சூரை: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

காய்ந்த நிலத்தில் விதைத்து மழையை நம்பியிருக்கும் புழுதி விதைப்பு நெல்லில் மழை இரண்டு, மூன்று வாரம் ஏமாற்றினால் போதும், எங்கள் ராமநாதபுரம் பக்கத்தில் இந்தத் தொல்லை தலைகாட்டிவிடும். வயலில் அங்கங்கே வட்டம் வட்டமாகப் பயிர் குட்டையாகும், மஞ்சளாகும், கடைசியில் கதிர் தள்ளாமல் நின்றுபோகும். இதற்குச் சூரை நோய் என்று பெயர். நோய் என்று சொன்னாலும் காரணம் ஒரு பூச்சிதான், நெல் மாவுப்பூச்சி. வங்காளத்தில் இதையே சத்ரா என்கிறார்கள்.

என் வயலிலும் அக்கம்பக்கத்து வயல்களிலும் இதைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். ஒவ்வொரு தடவையும் அதே கேள்விகள், அதே தவறுகள், அதே வீண் செலவு. நானும் ஒரு வருடம் இரண்டு தடவை யூரியா போட்ட பிறகுதான் காரணம் வேறு என்று தெரிந்துகொண்டேன். வயலில் என்ன தெரிகிறதோ அதிலிருந்து தொடங்கும்படி கீழே எழுதியிருக்கிறேன். செலவில்லாத சோதனை முதலில், செலவு வைப்பது கடைசியில். உங்கள் வயலுக்குப் பொருந்தும் தலைப்பை மட்டும் படித்தாலும் போதும். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

இலை உறையைப் பிரித்துப் பாருங்கள். மேலே நின்று இலையைப் பார்ப்பதில் பயனில்லை. இந்தப் பூச்சி இலையின் மேல் உட்காருவதே அபூர்வம். தண்டைச் சுற்றிக் கவிந்திருக்கும் உறைக்குள் ஒளிந்துகொண்டு சாற்றை உறிஞ்சும்.

எந்தக் குத்தை, அதாவது எந்த நெற்பயிர்க் கொத்தைப் பிடுங்குகிறோம் என்பது முக்கியம். வட்டத்தின் நடுவில் காய்ந்து நிற்கும் குத்தைப் பிடுங்கினால் ஒன்றும் இருக்காது. சாறு வற்றிய பயிரில் பூச்சிக்கு வேலையில்லை. வட்டத்தின் ஓரத்தில், பாதி மஞ்சளும் பாதி பச்சையுமாக நிற்கிறதே, அந்தக் குத்தை வேரோடு பிடுங்குங்கள். மண்ணை உதறுங்கள். வெளி இலை தண்டோடு சேரும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை விட்டு, உறையைக் கீழ்நோக்கி மெதுவாகக் கிழித்து இறக்குங்கள். அடிப்பக்கம் வரை போக வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு "ஒன்றும் இல்லை" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இருந்தால் இப்படித் தெரியும். அரிசி மாவு சிந்திய மாதிரி வெள்ளைப் பொடியும் மெல்லிய பஞ்சு இழைகளும் உறையின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும். அந்த மாவை விரலால் லேசாக விலக்கினால் இளஞ்சிவப்பு நிறத்தில், குருணை அரிசி அளவில், மெத்தென்ற ஒரு உயிர் இருக்கும். இறக்கை கிடையாது. ஈர்க்குச்சியால் தொட்டால் சோம்பலாக நகரும். நசுக்கினால் விரலில் சிவப்பாக ஒட்டும். பக்கத்திலேயே மஞ்சள் கலந்த வெள்ளையில் பொடிப்பொடியாக முட்டைகளும் கண்ணுக்குச் சிரமமாகத் தெரியும் குஞ்சுகளும் இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்று சட்டைப்பையில் இருந்தால் இந்தக் குஞ்சுகள் ஊர்வதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

ஒரு குத்தோடு நிறுத்தாமல் வயலில் பத்து இடத்திலாவது பாருங்கள். வரப்போரம் நான்கு இடம் கண்டிப்பாக வேண்டும்.

## அறிகுறி: அங்கங்கே வட்டமாகப் பயிர் குட்டையாகி நிற்கிறது

வட்டம் என்றதும் சூரை என்று முடிவு கட்ட வேண்டாம். இந்த வரிசையில் பாருங்கள்.

மேட்டு நிலமா? செலவில்லாத கேள்வி இது. நிலம் சமமாக இல்லாமல் அந்த இடம் நாலு விரல் உயர்ந்திருந்தால் அங்கே ஈரம் முதலில் வற்றும், பயிர் முதலில் சோரும். உறை சுத்தமாக இருந்து, மேட்டில் மட்டும் பயிர் குட்டையாக இருந்தால் அது தண்ணீர்ப் பிரச்சினைதான். ஆனால் மேடும் சூரையும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். காய்ந்த இடம்தான் இந்தப் பூச்சிக்குப் பிடித்தமானது. அதனால் மேடு என்று தெரிந்தாலும் உறையைப் பிரிக்காமல் விடாதீர்கள்.

குத்து கையோடு வந்துவிடுகிறதா? இழுத்தவுடன் வேர் இல்லாமல் வந்தால் கரையானோ வேர்ப்புழுவோ கடித்திருக்கிறது. வேர்ப்பகுதியில் மண் ஒட்டிய சுரங்கம் இருந்தால் கரையான். மாவுப்பூச்சி தாக்கிய குத்து லேசில் வராது, வேர் பிடித்துக்கொண்டே இருக்கும்.

கீழ் இலைகளில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளிகள் இருக்கின்றனவா? அது துத்தநாகக் குறையாக இருக்கலாம். நட்ட வயலில் இரண்டாவது வாரத்திலிருந்து நாலாவது வாரத்துக்குள் இது தெரியும். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் அடியுரமாகப் போடுவதுதான் வழக்கமான பரிந்துரை. போட்டிருந்தும் இப்படி நின்றால் மண் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

உறைக்குள் மாவு இருக்கிறதா? அப்படியானால் சூரைதான். அடுத்த வேலை உடனே தொடங்க வேண்டும், ஆனால் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம்.

வட்டமாக ஏன் வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் என்ன செய்வது என்பது தானாகவே புரியும். இந்தப் பூச்சியில் பெண்ணுக்கு வாழ்நாள் முழுக்க இறக்கை முளைப்பதில்லை. ஆணுக்கு ஒரு ஜோடி இறக்கை உண்டு, ஆனால் வாய் கிடையாது, அதைப் பார்ப்பதும் அரிது. பெரும்பாலும் ஆண் துணையே இல்லாமல் பெண் இனத்தைப் பெருக்கும். ஒரு தாய் 100, 200 என்று குஞ்சு பெருக்கிவிடும். அந்தக் குஞ்சுகள் கொஞ்ச நேரம் தாயின் அடியில் இருந்துவிட்டு நடந்தே பக்கத்துத் தூருக்குப் போகும், சில காற்றில் அடித்துக்கொண்டு போய்த் தூரத்தில் விழும். நடந்து போனவை வட்டத்தைப் பெரிதாக்குகின்றன. காற்றில் போனவை புது வட்டத்தைத் தொடங்குகின்றன. ஒரே ஒரு பூச்சி போய் விழுந்தாலும் ஒரு வட்டம் உண்டாக அது போதும்.

ஆகவே வட்டம் சிறியதாக இருக்கும்போதே செய்ய வேண்டியது: வட்டத்தையும் அதைச் சுற்றி இரண்டு முழம் நல்ல பயிரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுங்கள். நல்ல பயிரைப் பிடுங்க மனம் வராது, எனக்கும் வராமல்தான் இருந்தது. ஆனால் குஞ்சுகள் அந்த ஓரத்துக்கு ஏற்கெனவே போயிருக்கும். பிடுங்கியதை வரப்பில் வீசவே கூடாது. வாடும் பயிரிலிருந்து குஞ்சுகள் இறங்கி வரப்புப் புல்லில் ஏறிக்கொள்ளும். பழைய உரச்சாக்கு ஒன்றை வயலுக்குள்ளேயே எடுத்துப் போய், பிடுங்கப் பிடுங்க அதில் போட்டுக் கட்டி, வெளியே கொண்டுவந்து எரித்துவிடுங்கள் அல்லது ஆழமாகப் புதைத்துவிடுங்கள். அந்தச் சட்டை வேட்டியோடு அப்படியே அடுத்த வயலுக்குள் இறங்கவும் வேண்டாம்.

கண்மாயில் தண்ணீர் இருந்தால் ஒரு மடை திறந்து அந்த வயலில் நீரைக் கட்டி நிறுத்துங்கள். எப்போதும் தண்ணீர் நிற்கும் நஞ்சை வயலில் இந்தப் பூச்சி பெரிதாகத் தலையெடுப்பதில்லை. ஒரு நல்ல மழை பெய்தாலும் கணிசமாகக் குறையும்.

## அறிகுறி: இலை மஞ்சளாகிச் சுருள்கிறது, உரம் போட்டும் பச்சை ஏறவில்லை

அதிகம் ஏமாற்றுவது இதுதான். போன கார்த்திகையில் பக்கத்து வயல்காரத் தம்பி ஓடிவந்தான்.

"அண்ணே, யூரியா போட்டுப் பத்து நாளாச்சு. பச்சையே ஏறல. இன்னொரு அரை மூட்டை போடவா?"

"போடாதே தம்பி. உறையைப் பிரிச்சுப் பாத்தியா?"

"இலையத்தான் பாத்தேன். ஒரு பூச்சியும் இல்ல."

போய்ப் பார்த்தோம். முதல் குத்திலேயே மூன்றாவது உறையில் மாவு கொட்டிக் கிடந்தது.

இலை மஞ்சளானால் இப்படிப் பிரித்துப் பாருங்கள்:

ஈரக் கை சோதனை. நாற்றுப் பருவமாகவோ விதைத்து ஒரு மாதத்துக்குள்ளாகவோ இருந்தால் உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்து இலைகளின் மேல் தடவுங்கள். கறுப்பாகப் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டு ஊர்ந்தால் இலைப்பேன். இலை நுனி ஊசி மாதிரி சுருண்டு காய்வதும் இலைப்பேனுக்கே உரியது. மாவுப்பூச்சியில் கையில் ஒன்றும் ஒட்டாது.

எந்த இலை மஞ்சள்? கீழ் இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. குருத்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. புழுதி வயலிலும் சுண்ணாம்பு கலந்த மண்ணிலும் இது சகஜம். சத்துக் குறை பரவலாகத் தெரியும். சூரை திட்டுத் திட்டாகத் தெரியும். இந்த ஒரு வித்தியாசத்தை நினைவில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

மண்ணில் ஈரம் இருக்கிறதா? காய்ந்த மண்ணில் போட்ட யூரியா பயிருக்குப் போய்ச் சேராது. மழை வந்த பிறகு ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

உறைக்குள் மாவு. இருந்தால் உரத்தை உடனே நிறுத்துங்கள். சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்குத் தழைச்சத்து மிகுந்த சாறு விருந்து மாதிரி. வட்டத்தைப் பிடுங்கி அகற்றி, ஈரம் கிடைத்த பிறகு மீதிப் பயிருக்கு உரத்தைப் பிரித்துப் போடலாம்.

## அறிகுறி: கதிர் தொண்டையில் சிக்கி நிற்கிறது

மனதை ரொம்ப வருத்தும் கட்டம் இது. நான்கு மாத உழைப்பு, கதிரைப் பொதிந்திருக்கும் கடைசி இலையான கண்ணாடி இலைக்குள்ளேயே நின்றுபோகும். கதிர் பாதி வெளியே வந்தும் பாதி உள்ளேயும் இருக்கும், வந்த மணியும் பதராக இருக்கும்.

முதலில் கதிரை மெல்ல இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்து, அடியில் கடித்த அடையாளமும் எச்சமும் இருந்தால் குருத்துப்பூச்சி. வெண்கதிர் என்று சொல்வோமே, அதுதான்.

கதிர் வராமல் இறுகி நின்றால் கண்ணாடி இலையின் உறையைப் பாருங்கள். உறையின் வெளியே நடுவில் சாம்பலும் ஓரத்தில் பழுப்புமாகப் புள்ளிகள் இருந்து, உள்ளே பிரித்தால் வெள்ளைப் பொடி இருந்தால் அது இலை உறை அழுகல் நோய். அந்தப் பொடி பூஞ்சணம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மாவுப்பூச்சியின் பொடியும் வெள்ளை, அழுகலின் பொடியும் வெள்ளை. விரலில் தடவிப் பாருங்கள். பூச்சியின் பொடி மெழுகு, விரலில் வழுக்கும், அடியில் சிவப்பு உடல் இருக்கும். பூஞ்சணம் உறையோடு படிந்திருக்கும், அடியில் பழுப்பேறிய அழுகல்தான் இருக்கும், மணிகளும் பழுப்பாகியிருக்கும். சில சமயம் இரண்டும் ஒரே குத்தில் இருக்கும். பூச்சி காயப்படுத்திய உறையில் அழுகல் சுலபமாகப் புகுந்துகொள்கிறது.

இரண்டும் இல்லாமல், மேட்டுப் பகுதி முழுவதும் ஒரே சீராகக் கதிர் சிக்கியிருந்தால் கதிர் வரும் நேரத்தில் தண்ணீர் இல்லாமல் போனதுதான் காரணம்.

மாவுப்பூச்சி என்று தெரிந்தால்? நேராகச் சொல்கிறேன். தொண்டைக் கதிர்ப் பருவத்தில் சிக்கிய குத்தை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. அந்த வட்டத்துக்குச் செலவு செய்யாதீர்கள். பக்கத்தில் இன்னும் கதிர் தள்ளாத பயிர் இருக்கிறதா, அதில் பூச்சி ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வயலில் பாதிக்கு மேல் இப்படி நின்றால் அன்றே உதவி வேளாண்மை அலுவலரைக் கூப்பிட்டு நேரில் காட்டுங்கள்.

## அறிகுறி: உறைக்குள் வெள்ளையாக ஏதோ இருக்கிறது, அதுதானா என்று தெரியவில்லை

ஓடுகிறதா? பொறிவண்டு இனத்தில் சிலவற்றின் புழுக்கள் மேலே வெள்ளை மெழுகு போர்த்திக்கொண்டு பார்ப்பதற்கு அப்படியே மாவுப்பூச்சி மாதிரி இருக்கும். தொட்டால் விறுவிறுவென்று ஓடும். மாவுப்பூச்சி அப்படி ஓடாது. இந்தப் புழுக்கள் மாவுப்பூச்சியையே தின்பவை. இவற்றைக் கொன்றால் நமக்கு உதவிக்கு வந்தவரையே அடித்து விரட்டியதாகும்.

உடல் ஊதி, விறைத்து, பழுப்பு நிறமாக இருக்கிறதா? சிறு குளவி அதற்குள் முட்டையிட்டிருக்கிறது. உடலில் ஒரு வட்ட ஓட்டை இருந்தால் குளவி வெளியே போய்விட்டது. பிரிக்கும் குத்துகளில் இப்படி நிறையத் தென்பட்டால் மருந்து அடிப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

பக்கத்தில் கரும்பு இருக்கிறதா? கரும்பின் கணுவில், சோகைக்கு அடியில் இருப்பது வேறு இனம்: இளஞ்சிவப்புக் கரும்பு மாவுப்பூச்சி, சக்கரிகாக்கஸ் சக்கரி. நிறமும் மறைவிடமும் ஒன்று போலவே இருப்பதால் குழம்பும். நெல் மாவுப்பூச்சியும் கரும்பில் ஏறக்கூடியதுதான். வெறும் கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது.

வரப்பு அருகம்புல்லில் பார்த்தீர்களா? கணுவிலும் வேர் கழுத்திலும் வெள்ளைக் கம்பளிப் பை மாதிரி ஒட்டிக்கொண்டு, அதன் வாலிலிருந்து மெழுகுக் குழல் ஒன்று மயிரிழை போல நீட்டியிருந்தால் அது அன்டோனினா கிராமினிஸ். பைக்குள் கால் இல்லாத கருஞ்சிவப்பு உடல் இருக்கும். புல்லைத் தின்னும் மாவுப்பூச்சிதான், ஆனால் சூரைக்குக் காரணம் இது இல்லை. இதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மேய்ச்சல் நிலங்களை இந்தப் பூச்சி அழித்தபோது, 1959-இல் இந்தியாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுபோனார்கள். நியோடுஸ்மீசியா சங்வானி என்று பெயர். அதன் பெண் பறக்க முடியாதது. அதனால் விமானத்திலிருந்து தூவிப் பரப்பினார்கள், அந்தப் பூச்சி அடங்கியது. இந்தியப் புல்வெளியில் இருந்த, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு குளவி செய்த வேலை அது.

பப்பாளி மாவுப்பூச்சிக்கு விட்ட குளவி இதற்கும் கிடைக்குமா? பலர் கேட்கிறார்கள். 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது, 2010-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த குளவியை விட்டு அதை அடக்கினார்கள். அந்தக் குளவிக்குப் பப்பாளி மாவுப்பூச்சிதான் வேண்டும். மரவள்ளி மாவுப்பூச்சிக்கு விட்ட குளவியும் அப்படியே. நெல்லுக்கு அவற்றைக் கேட்டு அலைய வேண்டாம்.

இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால் பூச்சியை அனுப்புங்கள். இனம் சொல்ல வேண்டுமானால் வளர்ந்த பெண் பூச்சியைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி, நுண்ணோக்கியில் அதன் உடல் துளைகளையும் மயிர்களையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். அனுப்பும்போது மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஸ்பிரிட்டைச் சின்னப் புட்டியில் ஊற்றி, பத்துப் பதினைந்து பெரிய பூச்சிகளை உறைத் துண்டோடு அதில் போடுங்கள். பயிர், ஊர், தேதி மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலோ கொடுத்தால் வழி சொல்வார்கள். இந்தியாவில் இத்தகைய பூச்சிகளின் இனம் பார்ப்பதற்கு பெங்களூரில் தேசிய வேளாண் பூச்சி வள ஆதார நிறுவனமும் இருக்கிறது.

## அறிகுறி: தேடினால் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு பெயர் வருகிறது

இது பயிரின் கோளாறு இல்லை, ஆனாலும் இதனால் தவறான மருந்து வாங்கியவர்கள் உண்டு. பழைய வேளாண் கையேடுகளில் ரிப்பர்சியா ஒரைசே என்று இருக்கும். இலங்கையில் அரசுப் பூச்சியியலாளராக இருந்த எர்னஸ்ட் கிரீன் வைத்த பெயர் அது. வேறு சிலவற்றில் ஹெட்டெரோகாக்கஸ் ரெஹி என்று இருக்கும். இப்போது நிற்கும் பெயர் ப்ரெவென்னியா ரெஹி. ரெஹி என்ற இனப்பெயர் லிண்டிங்கர் 1943-இல் வைத்தது. மூன்றும் ஒரே பூச்சி.

இன்னொரு பெயரும் உண்டு: ஹெட்டெரோகாக்கஸ் டட்டிலி. 1970-இல் அமெரிக்காவில் வேறு இனம் என்று நினைத்து வைத்த பெயர், பிறகு அதுவும் ப்ரெவென்னியா ரெஹிதான் என்று சேர்த்துவிட்டார்கள். இன்றும் அங்கே டட்டில் மாவுப்பூச்சி என்றுதான் சொல்கிறார்கள். அங்கே அது நெல்லில் பேசப்படுவது இல்லை, அருகம்புல் வளர்த்த புல்தரைகளில் பேசப்படுகிறது. எனக்குக் கண் திறந்தது இந்தச் செய்தியைப் படித்தபோதுதான். நாம் நெல் மாவுப்பூச்சி என்று சொன்னாலும், இது புல்லில் வாழும் பூச்சி. நெல்லும் அதற்கு ஒரு புல், அவ்வளவுதான்.

## அறிகுறி: எறும்பு ஏறி இறங்குகிறது

குத்தின் அடியில் எறும்பு வரிசை தெரிந்தால் அந்தக் குத்தை உடனே பிரியுங்கள். மாவுப்பூச்சி வெளியேற்றும் இனிப்புக் கழிவுக்காக எறும்பு வருகிறது, பதிலுக்குக் குளவியையும் பொறிவண்டையும் விரட்டுகிறது. எறும்பைக் கொல்ல மருந்து போட வேண்டியதில்லை. எறும்பு எங்கே போகிறதோ அங்கே ஒரு குச்சி ஊன்றி வையுங்கள். மஞ்சள் தெரிவதற்கு முன்பே வட்டத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை.

## அறிகுறி: மருந்து அடித்தும் போகவில்லை

மருந்து போய்ச் சேர்ந்ததா? பெரும்பாலும் கோளாறு இங்கேதான். விசைத்தெளிப்பானை இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு நடந்தால் மருந்து இலையின் மேல் விழுந்து வழிந்துவிடும். பூச்சி உறைக்குள்ளே, அதற்கு மேலே மெழுகுப் போர்வை. அடித்தது அதைத் தொடவே இல்லை. அடிப்பதாக இருந்தால் முனையைத் தாழ்த்தி, தூரின் அடி நனைய, தண்டு வழியாக உறைக்குள் இறங்கும்படி அடிக்க வேண்டும். தண்ணீரும் கூடுதலாகத் தேவைப்படும்.

வயல் முழுக்க அடித்தீர்களா? அப்படி அடித்தால் செலவும் கூடும், நல்ல பூச்சிகளும் சாகும். வட்டத்தைப் பிடுங்கிய பிறகு, அந்த இடத்தைச் சுற்றி உள்ள பயிருக்கும் ஒட்டிய வரப்புப் புல்லுக்கும் மட்டும் அடித்தால் போதும்.

ஒரே தடவைதானா? அடித்த அன்று பொரியாமல் இருந்த முட்டை ஒரு வாரத்துக்குள் குஞ்சாகிவிடும். பத்து நாள் கழித்து மறுபடி பத்துக் குத்தைப் பிரித்துப் பாருங்கள். உயிருள்ள பூச்சி இருந்தால்தான் இரண்டாவது தடவை பற்றி யோசிக்க வேண்டும். வழக்கம் என்பதற்காக அடிக்க வேண்டாம்.

என்ன மருந்து? மருந்தின் பெயரையும் அளவையும் நான் இங்கே எழுதப் போவதில்லை, அதற்குக் காரணம் உண்டு. பழைய கையேடுகளில் இந்தப் பூச்சிக்கு முதலில் இருக்கும் பெயர் பாஸ்பாமிடான். 2020 இறுதியோடு அது இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. குருணை மருந்தான போரேட்டும் அப்படியே. பழைய தாளைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய், இருப்பில் கிடந்த எதையோ வாங்கி வந்தவரை எனக்குத் தெரியும். தண்டுக்குள் ஊடுருவும் வகை வேண்டும் என்பது மட்டும் பொது விதி. எது இன்றைக்கு நெல்லுக்கு அனுமதிக்கப்பட்டது, எவ்வளவு, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதை வேளாண் விரிவாக்க மையத்தில் எழுதி வாங்குங்கள். போக முடியாவிட்டால் கிசான் அழைப்பு மையத்தின் 1800 180 1551 இலவச எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். கையுறை, முகக்கவசம் இல்லாமல் இந்த வகை மருந்துகளைத் தொட வேண்டாம். வீட்டுப் பிள்ளைகளைத் தெளிக்கும் வேலைக்கு அனுப்பவே வேண்டாம்.

## அறிகுறி: வருடா வருடம் அதே மூலையில் வருகிறது

இதற்குப் பதில் வயலுக்குள் இல்லை, வரப்பில் இருக்கிறது.

நெல் இல்லாத மாதங்களில் பூச்சி எங்கே போகிறது? எங்கேயும் போவதில்லை. அருகம்புல், குதிரைவாலிப் புல், கோரை என்று வரப்பில் பச்சையாக இருக்கும் எதிலாவது உறைக்குள் உட்கார்ந்திருக்கும். அறுத்த தாளில் மறுபடி துளிர்க்கும் மறுதாம்பிலும் இருக்கும். நெல் முளைத்து உறை கட்டியதும் குஞ்சுகள் அங்கிருந்து இறங்கி வரும். முதல் வட்டம் பெரும்பாலும் வரப்போரம் தெரிவது இதனால்தான்.

நான் இப்போது கடைப்பிடிப்பது இது. அறுவடை முடிந்த கையோடு ஈரம் இருந்தால் தாளை மடக்கி உழுதுவிடுகிறேன். கோடையில் வரப்பைச் செதுக்குகிறேன். செதுக்கும்போது புல்லை வேரோடு எடுத்து, வரப்பிலேயே குவிக்காமல் வெளியே கொண்டுபோய்க் காயவைத்து எரிக்கிறேன். ஆடிக் கடைசியில் விதைப்புக்கு முன்பு இன்னொரு தடவை வரப்பைப் பார்க்கிறேன். துளிர்த்த அருகம்புல்லைப் பிடுங்கி, நெல்லைப் பிரிக்கிற மாதிரியே அதன் உறையைப் பிரித்துப் பார்க்கிறேன். மாவு இருந்தால் அந்த வரப்பை மறுபடி செதுக்கிய பிறகுதான் விதைக்கிறேன். நாற்று வாங்கி நடுபவர்கள் நாற்றங்காலின் வரப்பையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாங்குங்கள். நாற்றோடு சேர்ந்தே பூச்சி வரும்.

இந்த வேலையைத் தனியாக ஒருவர் செய்தால் பாதிப் பலன்தான். வரப்பு இரண்டு வயலுக்கும் பொது. என் தெற்கு வரப்பை நானும் பக்கத்து வயல்காரரும் ஒரே நாளில் செதுக்கிக்கொள்கிறோம். அவர் பக்கம் அவர், என் பக்கம் நான், புல்லை ஒரே குவியலாகப் போட்டு எரித்துவிடுகிறோம்.

மூன்று வருடம் தொடர்ந்து இப்படிச் செய்தும் அதே மூலையில் வந்தால் நிலத்தைச் சமப்படுத்துவது பற்றி யோசிக்கலாம். இருப்பதிலேயே அதிகம் செலவு வைப்பது அதுதான், அதனால்தான் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் வேளாண் பொறியியல் துறை ஆட்களை வரவழைத்து மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் மேலக்காட்டு வயலில் அப்படிப் பார்த்தபோது, வட்டம் விழும் மூலை மற்ற இடத்தைவிட ஒரு சாண் உயரம் இருந்தது. அந்த மண்ணை வெட்டி, பள்ளமாகக் கிடந்த மடைவாய்ப் பக்கம் போட்டோம். போன வருடம் கார்த்திகையில் பதினெட்டு நாள் மழை இல்லை. அந்த மூலையில் நான்கு குத்தில்தான் மாவு இருந்தது, சாக்கில் போட்டுக் கட்டி எடுத்து வந்தேன்.